ரெண்டு இருக்கு, ஒண்ணு விட்டுடலாம்

கள்ளக்குறிச்சியில் மெத்தைக் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் கல்யாணச் சீருக்கு மெத்தை வாங்குகிறவர்கள் அமீனுல்லாவின் கடையைத்தான் தேடி வருவார்கள். மனுஷன் நயமாகப் பேசுவார் என்பதற்காக இல்லை, நயமாகப் பேசவே தெரியாது என்பதற்காக. “இது இலவம்பஞ்சுதானே பாய்?” என்று கேட்டால், “மேல ஒரு விரக்கடதான் இலவம்பஞ்சு. உள்ள பூரா மில்லு கழிவு. நல்லா தூங்கணும்னா இத எடுக்காதீங்க” என்பார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். விற்கிறவனே சரக்கைக் குறை சொல்வதை அவர்கள் வேறெங்கே பார்த்திருப்பார்கள்?

கடையோடு நின்றால் சரி. வீட்டிலும் அதே வாய்தான். மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, “தேறிடுவேனா மாப்ள?” என்று ஆசையாகக் கேட்டார். சுற்றி நின்ற அத்தனை பேரும் “தேறிடுவீங்க” என்று வாயெடுப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். “தாங்காது மாமா. ஓதிக்கினு இருங்க.” கிழவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அமீனுல்லாவின் மனைவி நூர்ஜகான் தன் அப்பாவின் அந்தத் திரும்பலை இன்றுவரை மறக்கவில்லை. இவரைக் கேட்டால், “உள்ளத சொல்றதுக்கு இன்னாத்துக்கு பயப்படணும்?” என்பார். தான் பொய் சொல்லாதவன் என்பதில் அவருக்கு அப்படியொரு கர்வம்.

இந்த மனுஷனுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பெண் ஜன்னதுல் பிர்தௌஸ். கல்லூரியில் கணக்குப் படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவர் இலவம்பஞ்சு வாங்கக் கல்வராயன் மலைக்குப் போகும்போதெல்லாம் குட்டியானை வண்டியின் முன்சீட்டில் அவளும் தொற்றிக்கொள்வாள். கச்சிராயபாளையம் தாண்டி, அணையைத் தாண்டி, வெள்ளிமலை ரோட்டில் வண்டி வளைந்து வளைந்து ஏறும்போது, இந்த ரோட்டில் இறங்குவதுதான் சுகம் என்பாள். அப்போதே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஒருநாள் தமிழ்வேந்தன் கடைக்கு வந்தான். புதுச்சேரிக் கடற்கரையில் அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்கிறவன். இரண்டு குளிர்காலம் காஷ்மீரில் தங்கிப் பனிச்சறுக்குப் பலகை வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து கூட்டாளிகளோடு சக்கரம் வைத்த நீளப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து வெள்ளிமலை ரோட்டில் நின்றபடியே சறுக்கி இறங்குவான். ஆபத்தான வளைவுகளில் பாலத்துச் சிமெண்டுக் கட்டையின் மேல் கட்டிவிடப் பழைய மெத்தை வேண்டும், திரும்ப மேலே ஏற வண்டியும் வேண்டும் என்றான். இரண்டும் அமீனுல்லாவிடம் இருந்தன. மூன்றாவது ஞாயிறே பிர்தௌஸ் முக்காட்டின் மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பலகையில் ஏறிவிட்டாள். நூர்ஜகான் கத்தித் தீர்த்தாள். “நான் கூடவேதானே கீறேன், என் கண்ணு முன்னாடிதானே ஓட்டப்போறா” என்று அவர் மகளுக்காக வாதாடி அனுமதி வாங்கிக் கொடுத்தார். முழங்கை மூடிய சட்டை, அப்பா இல்லாமல் ஓட்டக் கூடாது, சாயங்காலம் மக்ரிப் தொழுகைக்கு முன்னால் வீடு. இதுதான் ஒப்பந்தம்.

அந்தக் கூட்டத்தின் பேச்சே தனி. வண்டியில் ஏறி மேலே போகும்போது பின்னால் அவர்கள் பேசுவதில் பாதி அவருக்கு விளங்காது. பக்கத்தில் உட்கார்ந்து பிர்தௌஸ் விளக்குவாள். விழப்போகிறோம் என்று தெரிந்து தானாகவே பலகையை விட்டுக் குதித்தால் அது ‘பெய்ல்’. குதிக்க முடியாமல் அப்படியே அடிபட்டு விழுந்தால் ‘ஸ்லாம்’. அலையில் கவிழ்ந்தால் ‘வைப்அவுட்’. ரோட்டில் தேய்ந்து தோல் போனால் ‘ரோட் ரேஷ்’. இடுப்பில் கத்திரிக்காய் நிறத்துக்குக் கன்றிப்போனால் ‘ஹிப்பர்’.

“உழறதுக்கு மட்டும் எத்தினி பேரு வச்சிக்கினு கீறீங்க? உழுந்தான், அடிபட்டான். அவ்ளோதானே?” என்பார் அவர்.

“அப்டி சொன்னா வலி ஜாஸ்தி ஆவும் அத்தா.”

“பேர மாத்துனா வலி கம்மி ஆயிடுமா?”

“கொஞ்சம் கம்மி ஆவுது. உழுந்து பாத்தாதான் தெரியும்.”

ஒரு சொல்லைக் கேட்டு மட்டும் அவர் ஸ்டியரிங்கில் அடித்துச் சிரித்தார். பனியில் விழுந்தவனின் கண்ணாடி ஒரு பக்கம், கையுறை ஒரு பக்கம், பூட்ஸ் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடந்தால் அதற்கு ‘யார்டு சேல்’ என்று பெயராம். வெள்ளைக்காரர்கள் வீட்டு வாசலில் பழைய சாமானைப் பரப்பி விற்பார்களே, அது. “கடை விரிச்சிட்டான்னு சொல்லு! இது நம்ம தொழிலு!” என்று வீடு வந்து சேரும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் அவர்களிடம் இருந்த ஒரு பழக்கம் அவருக்கு எரிச்சலை மூட்டியது. ‘கடைசி’ என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். சாயங்காலம் போதும் என்று தோன்றினால், “ரெண்டு இருக்கு, ஒண்ணு விட்டுடலாம்” என்பார்கள். சொல்லிவிட்டு ஒன்று ஓடுவார்கள். இன்னொன்றை ஓடாமல் பாக்கி வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்புவார்கள். எப்போதும் ஒன்று மிச்சம் இருக்கும். கடைசி என்று ஒன்று வரவே வராது. பனிமலையில் பழகிய பழக்கம் என்றான் தமிழ்வேந்தன். “கடைசின்னு சொன்னாலே கால் தளர்ந்துடும் பாய். மனசு வூட்டுக்குப் போயிடும். அப்பதான் எல்லாரும் அடி வாங்குவானுங்க.” யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு ஓட்டம் அதோடு சரி, எல்லாரும் ஹெல்மெட்டைக் கழற்றிவிடுவார்கள்.

“இது சகுனம் பாக்குறது. நம்ம மார்க்கத்துல இதுக்கு எடமில்ல” என்றார் அமீனுல்லா.

“ராத்திரி கடைய மூடறேன்னு நீங்க சொல்றீங்களா? ‘எடுத்து வெச்சிட்டு வரேன்’னுதானே சொல்றீங்க?” என்று மடக்கினாள் மகள்.

“அது பழக்கம்.”

“இதுவும் பழக்கம்தான் அத்தா.”

மகள் மடக்கினால் அவருக்குக் கோபம்தான் வரும்.

தை மாதத்து ஞாயிறு ஒன்று. வானம் மூட்டமாக இருந்தது. சர்க்கரை ஆலை ஓடுகிற பருவம் என்பதால் கீழே கச்சிராயபாளையம் ரோடு முழுக்கக் கரும்பு டிராக்டர்கள் நின்றிருந்தன. அந்த நெரிசலைத் தாண்டி மக்ரிபுக்குள் ஊர் போய்ச் சேர வேண்டுமே என்ற கவலை அவருக்கு. அடிவாரத்தில் கூட்டம் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றது. அவர் வண்டியை உறுமவிட்டு, “ஏறுங்க ஏறுங்க, இதான் கடைசி” என்றார்.

தண்ணீர் பாட்டில்கள் கீழே இறங்கின. “அத்தா! மாத்தி சொல்லிடுங்க” என்றாள் பிர்தௌஸ். ஆனால் அதற்குள் தமிழ்வேந்தன் ஹெல்மெட் வாரைக் கழற்றிவிட்டான். “பாய் சொல்லிட்டாரு. இன்னிக்குப் போதும்.” மற்றவர்களும் கழற்றினார்கள். அவரை யாரும் நேராகப் பார்க்கவில்லை. நல்ல காரியத்துக்குப் போகிறவர்களைப் பார்த்துத் தும்மிவிட்டது போல அவர் நின்றார். ஊரே நம்பி மெத்தை வாங்கும் வாய், இந்தப் பிள்ளைகளுக்குக் கருநாக்கா?

“கடைசி. கடைசி. கடைசி.” உரக்கச் சொன்னார். “மூணு தரம் சொல்லிட்டேன். இன்னா ஆயிடும்னு பாக்கலாம்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லை.

பிர்தௌஸ் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அது சிவந்து கிடந்தது. பாதி கழற்றிய வாரை மறுபடி இறுக்கினாள். “எங்க அத்தா சொன்னா ஒண்ணும் ஆவாது. நான் போயிட்டு வரேன்” என்று தோழர்களிடம் சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். “பிர்தௌஸ், வேணாம்” என்றான் தமிழ்வேந்தன். அவள் கதவைச் சாத்தினாள். அந்த நிமிஷம் அமீனுல்லாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இப்போது அந்தப் பெருமையை நினைத்தால் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது அவருக்கு.

ஏறும்போது தூறல் பிடித்தது. இலவம்பஞ்சு நனைந்தால் கட்டிதட்டிப் போய்விடும், அப்புறம் எத்தனை அடித்தாலும் பிரியாது. கீழ் வளைவுகள் இரண்டிலும் வண்டியை நிறுத்தி, பாலத்துக் கட்டையில் கட்டியிருந்த மெத்தைகளை அவிழ்த்துப் பின்னால் போட்டுத் தார்ப்பாயால் மூடினார். கடைசிதானே, மெதுவாகத்தானே வரப்போகிறாள் என்று நினைத்தார். ஆமாம், அந்தச் சொல்லைத்தான் நினைத்தார். மகளிடம் மறைக்கவும் இல்லை. “கீழ் வளைவுல மெத்த இல்ல. பாத்து வா.” “சரி அத்தா” என்றாள். வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அப்பா பக்கம் நிற்பது என்று முடிவெடுத்துவிட்டவள் எப்படிச் சொல்வாள்? பாதி மலையில் இறங்கிக்கொண்டு, “இங்கேர்ந்தே வரேன். பின்னாடியே லைட்டப் போட்டுக்கினு வாங்க” என்றாள்.

முதல் வளைவை அழகாக எடுத்தாள். இரண்டாவதிலும் பிசகில்லை. மூன்றாவதான கீழ் வளைவில் குனிந்து, கையுறைக் கையைத் தரையில் ஊன்றிப் பலகையைக் குறுக்கே திருப்பினாள். காய்ந்த ரோட்டில் அப்போது சக்கரங்கள் கிறீச்சென்று கத்தும், அந்தச் சத்தம் கேட்டால் வேகம் குறைகிறது என்று அர்த்தம். அன்று சத்தமே வரவில்லை. ஈர ரோட்டில் பலகை மட்டும் ஒரு பக்கம் போனது. பிர்தௌஸ் முதுகு முன்னால் போக வழுக்கிக்கொண்டே போய், மெத்தை இல்லாத அந்தப் பாலத்துக் கட்டையில் மோதினாள்.

வண்டியை எப்படி நிறுத்தினார், எப்படி இறங்கினார் என்று அவருக்கு நினைவில்லை. ரோட்டின் நடுவில் ஒற்றை ஷூ. கட்டை மேல் ஒரு கையுறை. தள்ளி அவள் மூக்குக்கண்ணாடி. பலகை மல்லாந்து கிடக்க, சக்கரங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. கடை விரிச்சிட்டான்னு சொல்லு என்று அவரே சிரித்த சிரிப்பு மண்டைக்குள் கேட்டது. அதைப் பிய்த்து எறிய முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார்.

அவள் கண் திறந்துதான் இருந்தது. “அத்தா, என் காலு எங்க இருக்கு?”

“இங்கதான்மா இருக்கு. ரெண்டும் இருக்கு.” பாதத்தைக் கையில் பிடித்துக் காட்டினார். “இதோ பிடிச்சிக்கினு கீறேன் பாரு.”

“பிடிங்க அத்தா.”

பிடித்துக்கொண்டேதான் இருந்தார். அவளுக்குத் தெரியவில்லை.

செல்போனில் சிக்னல் இல்லை. ஓடிப்போய் வண்டி ஹாரனை அமுக்கினார். கையை எடுக்கவே இல்லை. மலையே அதிர்ந்தது. கீழே நின்றவர்கள் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். அள்ளித் தூக்கப் போனவரைத் தமிழ்வேந்தன் இழுத்துப் பிடித்தான். “தூக்கக் கூடாது பாய், ஹெல்மெட்டையும் தொடாதீங்க.” நீளமான பலகை ஒன்றின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, முதுகுக்கடியில் மெல்லச் செருகி, மெத்தை கட்டிய கயிற்றாலேயே அவளை அதோடு சேர்த்துக் கட்டினார்கள். தார்ப்பாய்க்கு அடியில் இருந்த மெத்தைகளின் மேல் அவளைக் கிடத்தினார்கள். ஒரு சொட்டு ஈரம் படாமல் இருந்தன அந்த மெத்தைகள். அதைப் பார்த்துவிட்டு அமீனுல்லா தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டார்.

கச்சிராயபாளையத்தில் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக அடைத்து நின்றன. ஹாரனுக்கு யாரும் அசையவில்லை. அவர் குதித்து இறங்கி ஒவ்வொரு டிராக்டரையும் கையால் ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டே ஓடினார். “வழி வுடுங்கய்யா! என் பொண்ணுய்யா! என் பொண்ணு!” தொப்பி எங்கோ விழுந்திருந்தது, லுங்கி சேறாகியிருந்தது. டிராக்டர்காரர்கள் அந்த முகத்தைப் பார்த்து மறுபேச்சில்லாமல் வண்டிகளை வயலோரம் இறக்கினார்கள். தமிழ்வேந்தன் வண்டியை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரி வராந்தா. ஸ்கேன், ரத்தம், ஆபரேஷன். அந்தச் சொல் அவரை அங்கேயும் விடவில்லை. “ஐசியூவா? நேரா போயி கடைசி ரூம்பு” என்றார் வாட்ச்மேன். “கடைசியா எப்ப சாப்ட்டாங்க?” என்று கேட்டாள் நர்ஸ். அவர் அவள் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். “வேற மாதிரி கேளுங்கம்மா. அந்த வார்த்த வேணாம்.” நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. துண்டை விரித்துத் தொழுதார். துஆவுக்குக் கை ஏந்தி, “யா அல்லாஹ், உன்கிட்ட கடைசியா ஒண்ணே ஒண்ணு...” என்று ஆரம்பித்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். சகுனம் பார்ப்பது கூடாது என்று அவருக்கு இன்னும் தெரியும். சொல்லால் எதுவும் ஆகிவிடாது என்றும் தெரியும். மெத்தையை அவிழ்த்தது இந்தக் கைதான். அதுவும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? ஏந்திய கையில் கேட்க ஒரு வார்த்தையும் மிஞ்சவில்லை.

மலையில் நடந்ததை நூர்ஜகான் தமிழ்வேந்தனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கத்துவாள், சட்டையைப் பிடிப்பாள் என்று அவர் காத்திருந்தார். அவள் பெஞ்சின் அந்த ஓரத்தில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே சொன்னாள். “எங்க அத்தா சாவக் கெடந்தப்பவும் உங்களுக்கு வாயக் கட்டத் தெரியல.” அடுத்த மணியைத் தள்ளினாள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

டாக்டரம்மா கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அமீனுல்லா உட்காரவில்லை. “உள்ளத சொல்லுங்கம்மா” என்றார். டாக்டரம்மா சொன்னார். உயிருக்கு இனிப் பயமில்லை. முதுகுத்தண்டில் நரம்பு அறுந்திருக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்ப வராது. “நடக்கவே...?” “முடியாதுங்க. வீல்சேர்தான்.” டாக்டரம்மாவின் குரலில் கோபமோ இரக்கமோ இல்லை. கடையில் அமீனுல்லா பேசும் குரல்தான் அது. உள்ளதைக் கேட்கிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்று அவர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

“பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு. நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?”

“நானே சொல்றேன். என் பொண்ணுகிட்ட நான் எதையும் மறச்சதில்ல.”

கதவுவரை நடக்கும்போது சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நரம்பு அறுந்துடுச்சும்மா, இனிமே நடக்க முடியாது. நேரான பேச்சு, வாழ்நாள் முழுக்கப் பேசிப் பழகிய பேச்சு.

பிர்தௌஸ் மல்லாந்து கிடந்தாள். கழுத்தில் பட்டை. கன்னத்தில் ரோடு உரசிய காயம் காயத் தொடங்கியிருந்தது. அவரைப் பார்த்ததும் கண்கள் மட்டும் திரும்பின.

“அம்மா அழுதாங்களா?”

“அழுதா.”

“போர்டு?”

“வண்டியிலதான் கீது. ஒண்ணும் ஆவல.”

“செம ஸ்லாம் இல்ல அத்தா?”

“ஆமாமா. செம ஸ்லாம்.”

அந்தச் சொல் அவர் வாயில் வந்ததைக் கேட்டு அவள் உதடு லேசாக விரிந்தது. பிறகு கண்ணை மேலே சுற்றும் ஃபேன் பக்கம் திருப்பினாள்.

“டாக்டர் உங்ககிட்ட இன்னா சொன்னாங்க? அம்மாவ நான் கேக்கல. நீங்கன்னாதான் உள்ளத சொல்லுவீங்க.”

அமீனுல்லா வாயைத் திறந்தார். சுவர்ப்பக்கம் திரும்பிய மாமனாரின் முகம் நினைவுக்கு வந்தது. இவள் கழுத்தில் பட்டை. திருப்பிக்கொள்ளக்கூட முடியாது.

“ரெண்டு இருக்கும்மா,” என்றார். “ஒண்ணு விட்டுடலாம்.”

அவள் அவரை இமைக்காமல் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவள் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவர் இப்படிப் பதில் சொன்னதில்லை. கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவர் துண்டின் நுனியால் அதைத் துடைத்தார். மறுபடி வழிந்தது, மறுபடி துடைத்தார்.

“சரி அத்தா,” என்றாள் பிர்தௌஸ். “விட்டுடலாம்.”

அவர் கால்மாட்டுக்குப் போய், விலகியிருந்த போர்வையை இழுத்து அவளுடைய இரண்டு பாதங்களையும் மூடினார்.